புகையில்லாத தணல்

பைசாந்து என்ற ஆற்றங்கரை ஊரின் துறைமுகச் சாலையில் ஆதெமாரைத் தெரியாத லாரிக்காரர்கள் இல்லை. சாலையைப் பார்த்த மாதிரி அவருடைய பங்சர் கடை, கடையை ஒட்டிப் பின்னால் வீடு, வீட்டுக்குப் பின்னால் முற்றம். முற்றத்தின் கோடியில் அவரே செங்கல் அடுக்கிக் கட்டிய இறைச்சி அடுப்பு. வாரம் முழுக்க டயரோடு மல்லுக்கட்டிவிட்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த அடுப்புக்கு முன்னால் போய் நிற்கும்போதுதான் அவருக்கு உடம்பில் உயிர் வந்த மாதிரி இருக்கும்.

அதிகம் பேசாதவர். அவருக்கும் சேர்த்து மைத்துனன் எல்பியோ பேசிவிடுவான். எல்பியோ, ஆதெமாரின் மனைவி சுல்மாவின் தம்பி. வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பது தொழில். கார்னிவல் வந்துவிட்டால் முகத்துக்கும் பெயின்ட் அடித்துக்கொண்டு ஊர்ப் பாட்டுக் குழுவின் முன்வரிசையில் நிற்பான். கல்யாணமாகி வரும்போது சுல்மா கொண்டுவந்த சீதனம் ஒரு தையல் மெஷினும், பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த இந்தத் தம்பியும்தான். தாய் தகப்பன் இல்லாதவன். ஆதெமார்தான் அவனுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தார், சவரம் செய்யக் கற்றுக்கொடுத்தார், நிப்யாவின் வீட்டுக்குப் பெண் கேட்கவும் கூடவே போனார். தலை நரைக்க ஆரம்பித்த பிறகும் எல்பியோ ஞாயிறு தவறாமல் நிப்யாவைக் கூட்டிக்கொண்டு சாப்பாட்டுக்கு வந்துவிடுவான்.

அந்த வீட்டில் இறைச்சி விறகில்தான் வெந்தது. அடுப்பின் ஓரத்தில் ஓர் இரும்புக் கூடை. அதில் காட்டு வேலங்கட்டைகளை அடுக்கிக் கொளுத்துவார். கட்டை எரிந்து தணலாகிக் கூடையின் கம்பி வழியாகக் கீழே உதிரும். உதிர்ந்ததை இரும்புக் கோலால் இழுத்து இழுத்துக் கம்பித்தட்டின் அடியில் பரப்புவார். தட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். கை தாங்குகிற சூடுதான் விலா எலும்புக்கு. எலும்புப் பக்கம் கீழே இருக்கும்படி வைத்து, கல்லுப்பைத் தூவிவிட்டு விலகி நின்றால் அப்புறம் யார் அவசரப்படுத்தினாலும் புரட்ட மாட்டார். முதலில் ரத்தம் அடைத்த குடல், பிறகு சிறுகுடல், கடைசியில் விலா. மேசைக்கு வந்ததும் எல்பியோ எழுந்து நின்று, "அடுப்புக்காரருக்கு ஒரு கைதட்டு!" என்று கத்துவான். ஆதெமார் வெட்கப்பட்டுக்கொண்டே கத்தியைத் துடைப்பார்.

சுல்மாவுக்கு இழுப்பு வந்ததோடு இதெல்லாம் ஆட்டம் கண்டது. முதலில் வசந்த காலத்தில் மட்டும் வந்தது. அப்புறம் குளிர்காலத்திலும். ஒரு ஞாயிறு, முற்றத்தில் காற்று திரும்பி புகையெல்லாம் சமையலறைக்குள் போய், அவள் பாத்திரத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு உதடு நீலமாக நின்றாள். அன்றைக்கு யாரும் சாப்பிடவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா ஆதெமாரின் சட்டையை முகர்ந்து பார்த்தாள்.

"வீட்ல வெறகு எரிக்கறீங்களா?"

"ஞாயித்துக்கெழமை மட்டுந்தான்."

"அந்த ஞாயித்துக்கெழமையும் வேண்டாம்."

ஆதெமார் அவ்வளவு சுலபத்தில் விட்டுவிடவில்லை. விறகு ஈரமாக இருப்பதால்தான் புகை என்று நினைத்து, வெட்டி இரண்டு கோடை காய்ந்த கட்டையாகத் தேடி வாங்கினார். தைலமரக் கட்டை போட்டுப் பார்த்தார். அது குபுகுபுவென்று எரிந்ததே தவிர தணல் நிற்கவில்லை. புகைபோக்கியை உயர்த்திக் கட்டினார். கதவிடுக்குகளிலும் கடை ஷட்டரின் அடியிலும் டயர் ட்யூபை வார் வாராக வெட்டி ஒட்டினார். எதைச் செய்தாலும் திங்கட்கிழமை காலையில் சுல்மாவின் நெஞ்சில் பூனைக்குட்டி கத்துகிற சத்தம் கேட்டது. மகள் யானினா தான் இருந்த கடலோரத் தலைநகரம் மோந்தெவிதேயோவிலிருந்து ஒரு கேஸ் அடுப்பை பஸ்ஸில் போட்டுக் கொண்டுவந்தாள். குமிழைத் திருப்பினால் நெருப்பு, இன்னும் கொஞ்சம் திருப்பினால் அதிக நெருப்பு. இறைச்சி வெந்தது, அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் பக்கத்தில் நிற்க ஒரு காரணமும் இல்லை. ஆதெமார் குமிழைத் திருகிவிட்டு உள்ளே போய் டிவி பார்த்தார். அதைப் பார்க்கச் சுல்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"மூஞ்சிய ஏன் இப்படித் தொங்கப் போட்டிருக்கே? எனக்காக ஒண்ணும் விட வேண்டாம். நான் ஞாயித்துக்கெழம நிப்யா வீட்டுக்குப் போயிடறேன். நீயும் எல்பியோவும் சுட்டுத் தின்னுங்க."

"நீ இல்லாம எதுக்கு?" என்றார் ஆதெமார்.

கடைசியில்தான் கரி. டயர் மாற்ற வந்த ஒரு லாரிக்காரன் சொன்னான்: நல்ல கெட்டியான மரக்கரி, பிடித்து எரிந்தபின் புகையே வராது. ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் அக்கரையில், அர்ஜென்டினாவில், வீட்டுக்கு வீடு அதுதான். ஆதெமார் ஒரு மூட்டை வாங்கிப் பார்த்தார். எண்ணெய்ப் பீப்பாயை நெடுக்காகப் பிளந்து, காலும் சக்கரமும் வைத்து, அவரே ஓர் அடுப்பு செய்தார். காலிப் பாட்டிலைச் சுற்றி செய்தித்தாளை முறுக்கி வளையமாகச் சுற்றி, அதைச் சுற்றிக் கரியைக் குவித்து, பாட்டிலை உருவி எடுத்துவிட்டு அந்தக் குழிக்குள் தீக்குச்சியைப் போட்டார். கொஞ்ச நேரம் நெடியடித்தது. பிறகு கரி சாம்பல் பூத்து, உள்ளே சிவந்து, சத்தமில்லாமல் கனன்றது. சுல்மா சமையலறை வாசலில் வந்து எட்டிப் பார்த்தாள். ஓர் அடி வைத்தாள். இன்னோர் அடி. நாற்காலியை இழுத்துப் போட்டு அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அப்படி உட்கார்ந்தாள். மாத்தே என்கிற கசப்புத் தேநீர்க் குடுவை இருவர் கைக்கும் மாறி மாறிப் போயிற்று.

"ஒண்ணும் செய்யலியே?" என்று கேட்டார்.

"ஒண்ணும் செய்யல. இந்தக் கரி நல்ல கரி."

எல்பியோவுக்குத்தான் இது தாங்கவில்லை. வந்தவன் வாசலிலேயே நின்று மூக்கை உறிஞ்சினான்.

"என்ன மச்சான், வீட்ல யாராவது செத்துட்டாங்களா? பொகையைக் காணோம்!"

"கரி போட்டிருக்கேன்."

"கரியா! அக்கா, ஒம் புருஷன் அக்கரைக்காரனா மாறிட்டான். நாளைக்கே அவங்க கொடியத் தூக்கிட்டு நிப்பான் பாரு. பக்கத்து வீட்ல கேட்டா என்ன சொல்றது? மானம் போச்சே!"

"ஒங்கக்காவுக்கு மூச்சு விட முடியுதுடா."

"அவ மூச்சு விடறா, சரி. நான் எப்படி முழுங்கறது?"

சொல்லிவிட்டு யாரைவிடவும் அதிகமாகத் தின்றான். ஆனால் கைதட்டு கிடையாது என்றான். விறகு திரும்புகிற வரைக்கும் கிடையாது. ஒவ்வொரு ஞாயிறும் மேசையில் எல்லோரும் அவனைப் பார்ப்பார்கள். அவன் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். சுல்மா சிரித்துச் சிரித்து இருமுவாள். அந்தச் சிரிப்புக்காகவே அவன் அதைச் செய்தான் என்று ஆதெமாருக்குத் தெரியும்.

ஆகஸ்ட் மாதம், அங்கே அது குளிர்காலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆற்றுப் பக்கமிருந்து குளிர்ந்த தென்காற்றும் மழையும் சேர்ந்து அடித்தன. முற்றத்தில் நிற்க முடியவில்லை. நிப்யா தன் அம்மாவைப் பார்க்கப் போயிருந்ததால் எல்பியோ மட்டும் நனைந்துகொண்டே வந்தான். "இன்னைக்குக் கேஸ்லயே வெச்சிடலாமா?" என்று சுல்மா கேட்டபோது, "கேஸா? அதுக்கு நான் பட்டினி கெடப்பேன்" என்று அவன்தான் பீப்பாய் அடுப்பைத் தள்ளிக்கொண்டு பங்சர் கடைக்குள் கொண்டுவந்தான். சாலைப் பக்கம் ஷட்டரைப் பாதிக்கு ஏற்றிவிட்டு, அதற்கு அடியில் அடுப்பை நிறுத்தி, அங்கேயே சுட்டார்கள். மரப்பலகையைப் போட்டு மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வெளியே மழை, உள்ளே சூடு. எல்பியோ சிவப்பு ஒயினை ஒரு கை பார்த்தான். வரப்போகிற கார்னிவலுக்குக் கட்டியிருந்த பாட்டைப் பாடிக் காட்டினான். கரியில் சுடும் ஒருவனை ஊர் துரத்துவது மாதிரி ஓர் அடி அதில் இருந்தது. ஆதெமாரே வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

சாப்பிட்டதும் எல்பியோவுக்குக் கண் சொருகியது. கடை மூலையில் பழைய பஸ் ஒன்றிலிருந்து கழற்றிய நீள சீட் கிடந்தது. அதில் சாய்ந்துகொண்டான்.

"உள்ள வந்து கட்டில்ல படேன்" என்றார் ஆதெமார்.

"இங்கதான் மச்சான் கதகதன்னு இருக்கு. எழுப்பாதே."

சுல்மா தட்டுகளை அள்ளிக்கொண்டு உள்ளே போனவள், கடைக்கும் வீட்டுக்கும் இடையிலிருந்த நடுக்கதவில் நின்று திரும்பிப் பார்த்தாள். பாதி ஏறிய ஷட்டருக்கு அடியில் மழைச்சாரல் தெறித்துக்கொண்டிருந்தது. தம்பி காலை மடக்கி, கையை அக்குளில் செருகிக்கொண்டு கிடந்தான்.

"பாவம், சுருண்டு கெடக்கறான் பாரு. அந்த ஷட்டரை எறக்கி விடேன், ஆதெமார். அந்த அடுப்பையும் கொஞ்சம் பக்கத்துல தள்ளி வை."

ஆதெமார் ஷட்டரை இறக்கினார். அடியில் ட்யூப் ரப்பர் ஒட்டியிருந்ததால் அது தரையோடு அழுந்தி மூடிக்கொண்டது. பீப்பாயைச் சக்கரத்தில் உருட்டி பஸ் சீட்டுக்கு அருகில் கொண்டுவந்தார். தணல் மேல் சாம்பல் போர்த்தியிருந்தது. புகை என்று ஓர் இழை இல்லை. தன் கம்பளிக் கோட்டை எடுத்து எல்பியோ மேல் போட்டார். அவன் கண்ணைத் திறக்காமலே, "அக்கரைக்காரா" என்று முனகினான். ஆதெமார் நடுக்கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்ப் படுத்தார். படுக்கையறையில் நெருப்புச்சட்டி வைக்கக்கூடாது என்று அவருக்குத் தெரியும், ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது கடை. லாரி டயர்கள் புரளும் பெரிய இடம். கடை என்பதும் படுக்கையறை என்பதும் அவர் மனதில் வேறு வேறாக இருந்தன.

மழை விட்ட பிறகு, பொழுது சாய்வதற்குள், மாத்தேயைக் கலந்து எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தார். உள்ளே நுழைந்ததும் தலை கனத்தது. ஏன் என்று புரியவில்லை. ஷட்டரை ஏற்றினார். வெளிச்சம் எல்பியோ முகத்தில் விழுந்தது. பின்னாலேயே வந்த சுல்மா, "நல்லாத் தூங்கறான் பாரு. மூஞ்சி எப்படிச் செவந்திருக்கு" என்று பிரியமாகச் சொன்னாள். கிட்டே போய் அவன் கன்னத்தைத் தட்டினாள். மறுபடியும் தட்டினாள். அப்புறம் அவள் போட்ட சத்தத்தில் எதிர்ப்பக்கத்து லாரிக் கொட்டகையிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். ஆதெமார் அவனைத் தூக்கிச் சாலை ஓரத்து ஈரத்தில் கிடத்தி, வாயில் வாய் வைத்து ஊதினார். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து அவரைப் பிடித்து விலக்கும்வரை ஊதினார்.

தீயணைப்பு அதிகாரி ஒருவர் கடைக்குள் சுற்றிப் பார்த்தார். பீப்பாயைப் பார்த்தார், ரப்பர் வாரைப் பார்த்தார்.

"கரித்தணல் விடற வெஷக் காத்துக்குப் பொகையும் கெடையாது, வாசனையும் கெடையாது பெரியவரே. வெறகா இருந்தா இருமியாவது எழுந்திருப்பாரு" என்றார். பிறகு தாளை எடுத்துக்கொண்டு கேட்டார், "ஷட்டரை எறக்கினது யாரு?"

சுல்மா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஆதெமார் அவளைப் பார்க்கவில்லை.

"நான்தான்."

"யாராவது எறக்கச் சொன்னாங்களா?"

"யாரும் சொல்லல. எனக்கேதான் தோணிச்சு."

விபத்து என்று எழுதி மூடிவிட்டார்கள். சட்டத்துக்கு அவ்வளவுதான். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் பாட்டுக் குழுவினர் பெயின்ட் இல்லாத வெறும் முகத்தோடு நின்றார்கள். நிப்யா அழவில்லை. ஆதெமார் கிட்டே போனபோது மட்டும் வாயைத் திறந்தாள்.

"வெறகு எரிச்சவரைக்கும் அவனுக்கு ஒண்ணும் ஆகலியே, ஆதெமார். ஒனக்கு என்ன கேடு வந்துச்சு, கரிக்கு மாறினே?"

ஆதெமாருக்குப் பதில் இருந்தது. அந்தப் பதில் இரண்டடி தள்ளி, கறுப்புச் சால்வை போர்த்திக்கொண்டு, மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தது. "தெரியல நிப்யா" என்றார். அதற்குப் பிறகு நிப்யா அந்த வீட்டுப் படி ஏறவில்லை.

முதல் சில வாரம் சுல்மா பேசவேயில்லை. அதை அவர் எதிர்பார்த்தார். அவள் பேச ஆரம்பித்தபோதுதான் எதிர்பாராதது நடந்தது. துக்கம் கேட்க வந்த அவளுடைய சித்தியிடம் சமையலறையில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆதெமார் நடைவழியில் கையில் பெட்ரோல் நாற்றத்தோடு நின்றார்.

"நான் பாத்திரம் கழுவிட்டிருந்தேன் சித்தி. எனக்கு ஒண்ணுமே தெரியாது. ஷட்டர் மூடியிருக்குன்னுகூடத் தெரியாது. தெரிஞ்சிருந்தா விட்டிருப்பேனா?"

முதலில் பொய் சொல்கிறாள் என்று நினைத்தார். குரலைக் கேட்கக் கேட்க அப்படித் தோன்றவில்லை. உண்மையைச் சொல்பவளின் குரலாக இருந்தது. அன்றைக்கு அவள் நடுக்கதவில் நின்ற அந்த ஒரு நொடியை மனதே எங்கோ புதைத்துவிட்டிருந்தது. நல்லது, அப்படியே இருக்கட்டும் என்று எண்ணிக்கொண்டார். சத்தம் கேட்காமல் திரும்பிக் கடைக்குப் போனார்.

ஆனால் அவள் மறந்ததோடு அது நிற்கவில்லை. மறந்த இடத்தில் வேறொன்று முளைத்தது. சாப்பாட்டுத் தட்டை அவர் முன்னால் வைக்கும்போது கொஞ்சம் ஓங்கி வைத்தாள். இரவில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். ஒருநாள் அவர் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே, தலை நிமிராமல், "ஒரு ஷட்டரை எறக்கறதுக்கு முன்னாடி யோசிக்க வேண்டாமா ஒரு மனுஷன்?" என்றாள்.

"வேணும்" என்றார்.

"அந்தக் கரிய யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல."

உனக்காகத்தானே என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அவள் தம்பியைத் தன் மூச்சுக்கு விலையாகக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். முழுங்கிவிட்டார். நாளுக்கு நாள் இளைத்தார். இடுப்பு பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டுக்கொண்டார்.

யானினா வந்தாள். வீட்டுக்குள் நுழைந்த உடனே அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஒரே மேசையில் உட்கார்ந்த இருவரும் உப்பு வேண்டுமென்றால் அவளிடம் கேட்டார்கள்.

"அம்மாவ நான் கூட்டிட்டுப் போறேன்ப்பா. கொஞ்ச நாளைக்கு."

"கூட்டிட்டுப் போ. கடல் காத்து அவளுக்கு நல்லது."

"நீயும் வாயேன்."

"கடைய யாரு பாப்பா?"

பஸ் நிலையத்தில் யானினா பெட்டியை ஏற்றப் போயிருந்தபோது இருவரும் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார்கள். சுல்மா மடியில் கைப்பையின் பிடியை முறுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு, ரொம்ப நாள் கழித்து, நேராக அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ஆதெமார், அன்னைக்கு நான் எதாவது சொன்னேனா?"

"என்னைக்கு?"

"என்னைக்குன்னு ஒனக்குத் தெரியும். கொஞ்ச நாளா எனக்குக் கனவு வருது. கதவாண்ட நிக்கறேன். கையில தட்டு இருக்கு. என்னமோ சொல்றேன், என்ன சொல்றேன்னு கேக்கல."

பஸ்ஸின் எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. ஆதெமார் அந்த முகத்தைப் பார்த்தார். இளைத்து, கண்ணுக்கடியில் கறுத்து, பதிலுக்காக அப்படியே திறந்து கிடந்த முகம். ஆமாம் என்று சொன்னால் அவள் உடைந்துபோவாள் என்பதைத் தவிர அவருக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

"நீ பாத்திரம் கழுவிட்டிருந்தே. ஒண்ணும் சொல்லல."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் லேசாகும் என்று காத்திருந்தார். ஆகவில்லை. திறந்திருந்தது ஏதோ மெல்ல மூடிக்கொண்ட மாதிரி இருந்தது. "சரி" என்று எழுந்தாள். யானினா கைகொடுத்து ஏற்றினாள். ஜன்னலிலிருந்து மகள்தான் கையாட்டினாள்.

வீட்டுக்கு நடந்து வரும் வழியில்தான் ஆதெமாருக்கு உறைத்தது. அவள் கேட்டது தப்பித்துக்கொள்ள அல்ல. தனியாகக் கிடக்கிற இடத்திலிருந்து அவரிடம் வந்து சேர ஒரு வழி கேட்டிருக்கிறாள். ஆமாம் சுல்மா, நீ சொன்னே, நான் எறக்கினேன் என்றிருந்தால் அந்த பெஞ்சிலேயே இருவரும் சேர்ந்து அழுதிருக்கலாம். ஓடிப்போய் பஸ்ஸை மறிக்கலாமா என்றுகூட ஒரு நிமிஷம் நின்றார். பஸ் அதற்குள் நெடுஞ்சாலையைப் பிடித்திருக்கும். போனில் சொல்கிற விஷயமா அது? பிறகு சொல்லலாம் என்று நினைத்தார். ஆனால் ஒரு தடவை இல்லை என்று சொன்னதை மறுபடி ஆமாம் என்று சொன்னால் அவள் எதை நம்புவாள்? இரக்கத்துக்காகச் சொன்னதா, கோபத்தில் சொல்வதா என்று சாகும்வரை அவள் அதையே புரட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

கொஞ்ச நாள் என்று போனவள் திரும்பவில்லை. பீப்பாய் அடுப்பை ஆதெமார் பழைய இரும்புக்காரனிடம் கொடுத்தார். அவன் அதன் கதையைக் கேள்விப்பட்டிருந்தான் போல, அவசரமாக லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். எதிர்ப்பக்கத்து லாரிக் கொட்டகைக்காரன் ஒருநாள் தயங்கித் தயங்கி வந்து, "செங்கல் அடுப்பு சும்மாதானே கெடக்கு, அந்தக் கம்பித்தட்டைத் தர்றியா?" என்று கேட்டான். கழற்றிக் கொடுத்தார். கேஸ் அடுப்பு மேல் தூசு படிந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மூலைக் கடையில் ரொட்டியும் துண்டு போட்ட குளிர்ந்த இறைச்சியும் வாங்கி, நின்றபடியே சாப்பிட்டார். சாலையின் இரு பக்கமும் எல்லார் வீட்டு முற்றத்திலிருந்தும் புகை எழும் நேரத்தில் அவர் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டார்.

ஒவ்வொரு ஞாயிறு சாயங்காலமும் சுல்மா போன் செய்வாள். அது தவறியதில்லை.

"மூச்சு எப்படி இருக்கு?" என்று இவர் கேட்பார்.

"நல்லா இருக்கு. மருந்தே தேவைப்படல. அங்க மழையா?"

"தூறுது."

"இங்க வெயில்."

"சரி."

"சாப்டியா?"

"சாப்டேன்."

 அதற்குப் பிறகும் இரண்டு பேருமே போனை வைக்க மாட்டார்கள். அவளுடைய மூச்சு ஏறி இறங்குவது அவருக்குக் கேட்கும், தடையில்லாத, சுத்தமான மூச்சு. சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு முறையும் வாயைத் திறப்பார். "சரி, அடுத்த வாரம் பேசறேன்" என்று அவள் முந்திக்கொள்வாள். அடுத்த வாரமும் அவள் கூப்பிட்டாள். மழையைப் பற்றித்தான் பேசினார்கள்.